பிஸ்கட் டப்பாவில் கிடைத்த ஹோம் கார்டு பேட்ஜுகள்: ஒரு விரிவான பதில்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். இங்கிலாந்தில் கென்ட் பக்கம் ஒரு பழைய பொருள் சந்தையில் நீங்கள் தகர பிஸ்கட் டப்பா ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். உள்ளே ‘ஹோம் கார்டு’ (இரண்டாம் உலகப்போரில் பிரிட்டனைக் காக்க அமைத்த தொண்டர் படை) என்று கறுப்பு எழுத்தில் அச்சடித்த காக்கிக் கைப்பட்டை ஒன்று, அதே பெயரை வளைவாக எழுதிய துணித் துண்டுகள் இரண்டு, ‘கே’, ‘டி’ என்று இரண்டு ஆங்கில எழுத்துகள் உள்ள சின்னச் சதுரம், ஒரு எண், சீட்டுக்கட்டில் வரும் டைமன் மாதிரி ஒரு சிவப்புத் துணி, குதிரை பொறித்த வெள்ளை உலோகத் தொப்பிச் சின்னம். இதெல்லாம் யாருடையது, அசல்தானா, உண்மையான ராணுவத்துடையது என்றால் ஏன் இவ்வளவு மட்டமான துணியில் இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. அந்த டப்பாவில் பார்த்ததும் கண்ணை இழுப்பது குதிரைச் சின்னமாக இருக்கும். விலையும் அதற்குத்தான் முதலில் கேட்பார்கள். ஆனால் எனக்கு அந்தக் கைப்பட்டைதான் முக்கியம். 1940 கோடையில் ஜெர்மன் படை கென்ட் கரையில் இறங்கியிருந்தால், இப்படி ஒன்றைக் கட்டியிருந்தவர் பிடிபடும்போது தன்னைப் போர்க்கைதி என்று சொல்லிக்கொள்ள உரிமை உள்ளவர். அதே மனிதர், அதே துப்பாக்கி, பட்டை மட்டும் இல்லை என்றால் அவர் ஆயுதம் எடுத்த சாதாரணக் குடிமகன், விசாரணை என்று பேருக்கு ஒன்று நடத்திச் சுட்டுவிடலாம். அந்த ஒரு சாண் துணிக்கு இருந்த வேலை அதுதான்.

இது நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்வது இல்லை. 1899-லும் திருத்தப்பட்டு 1907-லும் வந்த ஹேக் உடன்படிக்கையில் நிலப்போர் விதிகளின் முதல் பிரிவே இதைத்தான் பேசுகிறது. வழக்கமான ராணுவத்தைத் தவிர தொண்டர் படைகளுக்கும் போராளிகள் என்ற தகுதி உண்டு, ஆனால் நான்கு நிபந்தனைகள்: பொறுப்பேற்கும் தலைவர் ஒருவர் இருக்க வேண்டும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் நிலையான சின்னம் அணிந்திருக்க வேண்டும், ஆயுதத்தை வெளிப்படையாகத் தாங்க வேண்டும், போர் வழக்கங்களை மதிக்க வேண்டும். எதிரி நெருங்கிவரும் நேரத்தில், ஒழுங்காகப் படை அமைக்க அவகாசமில்லாமல் ஊர் மக்களே எழுந்தால் அதற்குத் தனி விதி இருக்கிறது. அவர்களுக்குச் சின்னம் கட்டாயமில்லை. ஆனால் முன்கூட்டியே பெயர் எழுதிச் சேர்த்த படை அந்தச் சலுகையைக் கேட்க முடியாது, அது சின்னம் போட்டே தீர வேண்டும். இந்த விதி எழுதப்பட்டதற்குப் பின்னால் 1870-71 பிரான்ஸ்–பிரஷ்யா போரின் கசப்பு இருக்கிறது. சீருடை இல்லாமல் சண்டையிட்ட பிரெஞ்சுத் தொண்டர்களைப் பிரஷ்யப் படை பிடித்த இடத்திலேயே சுட்டது.

சரி, 1940-க்கு வருவோம். மே 10-ஆம் தேதி ஜெர்மனி ஹாலந்திலும் பெல்ஜியத்திலும் புகுந்தது, பாராசூட்டில் வீரர்கள் இறங்கினார்கள். பிரிட்டனில் ஒவ்வொரு கிராமத்துக்காரனும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தான். மே 14 இரவு போர்த்துறை அமைச்சர் ஆன்டனி ஈடன் பிபிசி வானொலியில் பேசினார்: 17 முதல் 65 வயது வரையுள்ள ஆண்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் பெயர் கொடுக்கலாம், படையின் பெயர் ‘உள்ளூர்ப் பாதுகாப்புத் தொண்டர்கள்’, ஆங்கிலச் சுருக்கம் எல்.டி.வி. அவர் பேசி முடிப்பதற்குள்ளேயே சில காவல் நிலையங்களில் ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு வாரத்தில் இரண்டரை லட்சம் பேர், ஜூலை முடிவதற்குள் சுமார் 15 லட்சம். மே 17-ஆம் தேதியே சட்டப்படி அவர்கள் மன்னரின் ஆயுதப் படையின் ஒரு பகுதி என்று அறிவித்துவிட்டார்கள். ஆனால் ஆடை? துப்பாக்கி? டன்கர்க்கில் ஒரு முழு ராணுவத்தின் தளவாடத்தையும் விட்டுவிட்டு வந்த நாடு அது. 15 லட்சம் பேருக்குச் சீருடை தைக்க யாரிடமும் துணி இல்லை.

அதனால்தான் கைப்பட்டை. கோட்டும் டையும் போட்ட வங்கிக்காரர், மண் ஒட்டிய பூட்ஸோடு வந்த விவசாயி, ரயில்வே தொழிலாளி, எல்லோருடைய கையிலும் ‘எல்.டி.வி.’ என்று ஸ்டென்சில் அடித்த ஒரு துண்டு. அரசாங்கப் பட்டைகள் வந்து சேரும் முன்பே பல ஊர்களில் கிடைத்த துணியில் வீட்டுப் பெண்கள் தைத்துக் கொடுத்தார்கள். அதனால் ஆரம்பகாலப் பட்டைகளில் அளவும் நிறமும் எழுத்தும் ஒன்றுபோல் இருக்காது. சேகரிப்பவர்களுக்கு இது பெரிய தலைவலி, ஆனால் எனக்கு அந்த ஒழுங்கின்மையில்தான் அந்த வாரங்களின் அவசரம் கண்ணுக்குத் தெரிகிறது.

ஜெர்மன் வானொலி இவர்களைக் கொலைகாரக் கும்பல் என்றது, பிடிபட்டால் போர்க்கைதியாக நடத்த மாட்டோம் என்று மிரட்டியது. லண்டன் அதற்குச் சொன்ன பதில்: இவர்கள் ராணுவத்தின் பகுதி, சின்னம் அணிந்தவர்கள், ஹேக் விதி பொருந்தும். அந்த மிரட்டலைக் கேட்ட பிறகும் இரவுக் காவலுக்குப் போனவர்கள் லட்சக்கணக்கில். அவர்களில் பலர் முதல் உலகப்போரில் சண்டையிட்டவர்கள், சிலர் அதற்கும் முந்தைய தென்னாப்பிரிக்கப் போரைப் பார்த்தவர்கள். கையில் புதுப் பட்டை, மார்பில் பழைய போர்களின் ரிப்பன் வரிசை என்று நிற்கும் புகைப்படங்களைப் பார்த்தால் மனசு கனக்கும்.

பெயர் மாறிய கதையிலும் இந்தப் பட்டைக்குப் பங்கு உண்டு. சர்ச்சிலுக்கு எல்.டி.வி. என்ற பெயர் பிடிக்கவே இல்லை. ஊரில் குறும்புக்காரர்கள் வேறு அந்த மூன்று எழுத்தை ‘பார், குனி, மறைந்துவிடு’ என்று ஆங்கிலத்தில் விரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஜூன் கடைசியில் அவர் ‘ஹோம் கார்டு’ என்று மாற்றலாம் என்றபோது ஈடன் தயங்கினார், ஏற்கெனவே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட பட்டைகள் பழைய பெயரில் தயாராகிவிட்டன என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கடைசியில் சர்ச்சில் ஜூலை 14 வானொலி உரையில் புதுப்பெயரைச் சொல்லிவிட்டார், அந்த மாதம் முடிவதற்குள் அது அதிகாரபூர்வமாகவும் ஆகிவிட்டது. ஆக, எல்.டி.வி. என்ற எழுத்தோடு வரும் பட்டைக்கு ஆயுள் மிகக் குறைவு, மே நடுவிலிருந்து கோடை முடியும் வரைதான் புழக்கம் (சில ஊர்களில் புதிது வரும்வரை பழையதையே கட்டினார்கள்). உங்களுடையது இரண்டாம் கட்டம், ‘ஹோம் கார்டு’ பட்டை. 1940 கோடைக்குப் பிறகு வந்தது.

நம் ஊரில் பத்திரிகைகள் ஹோம் கார்டை ‘ஊர்க்காவல் படை’ என்று எழுதுவதால், திருவிழாவில் போலீஸாருக்குக் கூட நின்று கூட்டத்தை ஒழுங்கு செய்யும் தொண்டர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். பெயர் அங்கிருந்து வந்ததுதான். இந்தியாவில் 1946 டிசம்பரில் பம்பாயில் முதலில் தொடங்கினார்கள், 1962 சீனப் போருக்குப் பிறகு நாடு முழுக்க விரிவாக்கினார்கள். ஆனால் பிரிட்டிஷ் ஹோம் கார்டு போலீஸுக்கு உதவியாக வந்தது இல்லை, போர்த்துறையின் கீழ் எதிரியைச் சுடுவதற்காகவே வைத்த படை. வட அயர்லாந்தில் மட்டும் அது போலீஸ் துறையின் கீழ் அமைந்தது. அங்கே கறுப்புச் சாயம் ஏற்றிய டெனிம் உடை கொடுத்தார்கள். போலீஸின் கிளை என்றால் எதிரி இவர்களைப் போராளிகளாக ஏற்பானா என்ற கவலை அங்கே கடைசிவரை பேசப்பட்டது. மறுபடியும் அதே ஹேக் கேள்வி.

கைப்பட்டைப் படை என்பது 1940-ல் புதிதாகத் தோன்றியதும் இல்லை. முதல் உலகப்போரில் வயது கடந்தவர்களும் படையில் சேர முடியாதவர்களும் தாங்களாகவே சேர்ந்து தொண்டர் பயிற்சிப் படை அமைத்தார்கள். 1914 நவம்பரில் போர்த்துறை அதை அங்கீகரித்தது. செலவு அரசுடையது இல்லை, ராணுவ அதிகாரிகளின் பதவிச் சின்னம் போடக்கூடாது, எல்லோரும் ஒரு சிவப்புக் கைப்பட்டை கட்ட வேண்டும், அதில் ஜி.ஆர். என்று எழுத்து. ஜார்ஜ் மன்னரின் லத்தீன் பெயர்ச் சுருக்கம் அது. பின்னால் சீருடை தைத்துக்கொண்டபோதும் காக்கி கூடாது என்று பச்சை கலந்த சாம்பல் நிறம்தான் கிடைத்தது. ஜி.ஆர். எழுத்தை வைத்து மக்கள் ‘அழகான சிதிலங்கள்’ என்று பொருள்படும்படி கிண்டல் செய்தார்கள்.

அந்தக் கிண்டலை நான் எங்கே படித்தாலும் டப்ளின் ஞாபகம் வந்துவிடும். 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். டப்ளின் நகரத்து ஜி.ஆர். தொண்டர்கள் மலைப்பக்கம் பயிற்சிக்குப் போய்விட்டு நடந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள், தோளில் துப்பாக்கி, ஆனால் உள்ளே தோட்டா கிடையாது. அன்று நண்பகலில் நகரத்தில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான எழுச்சி தொடங்கிவிட்டது என்ற முழு விவரம் அவர்களுக்குத் தெரியாது. பெக்கர்ஸ் புஷ் படைமுகாம் அருகே வந்தபோது கிளர்ச்சியாளர்கள் சுட்டார்கள். இறந்தவர்களில் பிரான்சிஸ் பிரவுனிங் ஒருவர், அயர்லாந்து ரக்பி சங்கத்தின் தலைவராக இருந்தவர், காயம்பட்டு இரண்டு நாள் கழித்து உயிர்விட்டார். சின்னம் அணிவது ஒருவனைப் போராளி ஆக்குகிறது என்றால் அதற்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது: கையில் தோட்டா இருக்கிறதா இல்லையா என்று பார்த்துவிட்டு யாரும் சுடுவதில்லை, பட்டையைப் பார்த்துத்தான் சுடுகிறார்கள்.

இன்னொரு சம்பவத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1940-ல் கைப்பட்டைக்காரர்களைக் கும்பல் என்று அழைத்த அதே ஜெர்மனி, 1944 இலையுதிர் காலத்தில் 16 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களை ‘ஃபோல்க்ஸ்ஷ்டூர்ம்’ என்ற மக்கள் படையில் சேர்த்தது. ஹிட்லரின் ஆணையில் செப்டம்பர் 25 என்ற தேதி, வெளியே அறிவித்தது அக்டோபர் 18. அவர்களுக்கும் சீருடை இல்லை. என்ன கொடுத்தார்கள்? கைப்பட்டை. அதில் படையின் பெயருக்குக் கீழே ‘வேர்மாக்ட்’, அதாவது ராணுவம், என்ற சொல்லையும் சேர்த்து அச்சடித்தார்கள். தங்கள் கிழவர்களும் பையன்களும் பிடிபட்டால் அவர்களை ராணுவ வீரர்களாக நடத்த வேண்டும் என்று எதிரிக்குச் சொல்வதற்காக. பதவிக்குக் காலரில் உலோகப் பொட்டுகள், குழுத் தலைவருக்கு ஒன்று, பட்டாலியன் தலைவருக்கு நான்கு. ஐந்து வருஷத்துக்குள் இரண்டு எதிரி நாடுகள் ஒரே சட்டப் பிரிவைப் பிடித்துக்கொண்டு ஒரே மாதிரி துணியை வெட்டின.

இனி உங்கள் டப்பாவில் உள்ள மற்ற பொருள்கள். கொஞ்சம் வேகமாகப் போகலாம்.

வளைவான இரண்டு துண்டுகள் தோள் பெயர்கள். இரண்டு சட்டைக் கையிலும் தோளுக்குச் சற்றுக் கீழே தைப்பது. காக்கிப் பருத்தித் துணியில் வெளிர் மஞ்சள் எழுத்து, தறியில் நெய்ததோ பூவேலையோ இல்லை, அச்சடித்தது. நல்ல கம்பளிச் சீருடை கிடைத்து, இந்தத் தோள் பெயரும் வந்த பிறகு கைப்பட்டைக்கு வேலை மெல்லக் குறைந்தது. தோள் பெயருக்குக் கீழே மாவட்ட எழுத்துகள், அதற்கும் கீழே பட்டாலியன் எண். ‘கே.டி.’ என்றால் கென்ட். எழுத்தையும் எண்ணையும் சேர்த்து வாசித்தால் அந்த மனிதர் எந்த வட்டாரத்தில் இரவெல்லாம் நின்றார் என்பது வந்துவிடும். அதனால் அந்தச் சின்ன எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள். டப்பாவில் உள்ள எல்லாவற்றிலும் முகவரி மாதிரி இருப்பது அது ஒன்றுதான்.

குதிரைச் சின்னம் ஹோம் கார்டின் சொந்தச் சின்னம் இல்லை. 1940 ஆகஸ்டில் ஒவ்வொரு பட்டாலியனையும் அந்த வட்டாரத்து ராணுவப் படைப்பிரிவோடு இணைத்து, அதன் தொப்பிச் சின்னத்தைப் போட அனுமதித்தார்கள். கென்ட்டுக்கு இரண்டு படைப்பிரிவுகள் உண்டு. கிழக்குக் கென்ட்டின் ‘பஃப்ஸ்’ படைக்கு டிராகன், மேற்குக் கென்ட் படைக்கு முன்காலைத் தூக்கி நிற்கும் குதிரை, அதோடு ‘இன்விக்டா’ என்ற லத்தீன் சொல், வெல்லப்படாதது என்று பொருள். உங்கள் டப்பாக்காரர் மேற்குப் பக்கத்தவர் என்று இதிலிருந்து ஊகிக்கலாம், ஆனால் ஊகம்தான், ஏனென்றால் இதே சின்னத்தை அந்தப் படைப்பிரிவின் முழுநேர வீரர்களும் போட்டார்கள், சின்னத்தை மட்டும் பார்த்து யாருடையது என்று பிரிக்க முடியாது. எண்ணோடு வைத்துப் பார்த்தால்தான் உறுதி. போர் நடுவில் உலோகம் மிச்சம் பிடிக்க ராணுவம் பிளாஸ்டிக்கில் தொப்பிச் சின்னம் செய்தது. பார்க்க விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும், ஆனால் அசலே அதுதான், பார்த்தால் விட்டுவிடாதீர்கள்.

இந்த இணைப்பு சின்ன விஷயம் மாதிரித் தெரியும், அந்த மனிதர்களுக்கு அது சின்னது இல்லை. மகன் வட ஆப்பிரிக்காவில் ஒரு குதிரைச் சின்னத்தோடு சண்டையிடுகிறான், அப்பா ஊர்ப் பாலத்தில் அதே குதிரையைத் தொப்பியில் வைத்துக்கொண்டு நிற்கிறார். கைப்பட்டை எதிரிக்குக் காட்டுவது. குதிரை, வீட்டுக்குள் காட்டுவது.

பதவிச் சின்னம் எதுவும் டப்பாவில் இல்லை என்பதும் ஒரு தகவல்தான். ஆரம்பத்தில் ஹோம் கார்டில் ராணுவப் பதவிகளே கிடையாது, பிளட்டூன் தலைவர், கம்பெனித் தலைவர் என்று பொறுப்புகள் மட்டும். தோள்பட்டையில் கருநீலக் கோடுகள் போட்டு அதைக் காட்டினார்கள், பொறுப்பு ஏற ஏறக் கோடும் கூடும். 1941 பிப்ரவரியில்தான் மன்னரின் ஆணையோடு முறையான அதிகாரிப் பதவிகள் வந்தன, நீலக் கோடு போய் ராணுவத்தின் நட்சத்திரமும் கிரீடமும் வந்தன. அப்புறம் சாதாரண உறுப்பினருக்குப் பெயர் ‘வாலண்டியர்’. 1942 தொடக்கத்தில் கட்டாயச் சேர்ப்பு வந்த பிறகு ‘பிரைவேட்’ என்று மாற்றிவிட்டார்கள். அதுவரை 14 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு யாரும் விலகலாம் என்றுதான் இருந்தது. தொண்டர் என்ற சொல்லை எடுத்ததில் பலருக்கு வருத்தம். எனக்கும் அந்த மாற்றம் உறுத்தும், தானாக வந்தவர்களுக்குக் கிடைத்திருந்த ஒரே மரியாதைச் சொல் அது.

சிவப்பு டைமனுக்கு வருகிறேன். இது தேர்ச்சி பேட்ஜ். வலது கையின் கீழ்ப்பகுதியில், மணிக்கட்டுக்கு மேலே தைப்பது. துப்பாக்கி, கையெறி குண்டு, நிலவரைபடம் படிப்பது, களப் பயிற்சி என்று தேர்வு வைத்துத் தேறியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள். மேலும் தேறினால் டைமனுக்குக் கீழே ஒரு பட்டைக் கோடு சேரும். பகலெல்லாம் வேலை, வாரத்தில் சில இரவு காவல், அதற்கு நடுவில் உட்கார்ந்து படித்துத் தேர்வு எழுதியிருக்கிறார். சம்பளம் எதுவும் கிடையாது. டப்பாவில் அந்த ஒரு துணிதான் அவரை அவராகக் காட்டுகிறது. மற்றதெல்லாம் சேர்ந்த எல்லோருக்கும் கொடுத்தது, இது மட்டும் அவர் சம்பாதித்தது.

உங்கள் டப்பாவில் இல்லாதவை சிலவற்றையும் சொல்கிறேன், சந்தையில் மறுபடி தேடும்போது உதவும். வில்லில் அம்பு மேல்நோக்கி நிற்கும் கறுப்புப் படம், சிவப்புச் சதுரத்தில் இருந்தால், அது விமான எதிர்ப்புப் படைத் தலைமையகத்தின் சின்னம். 1942-லிருந்து ஹோம் கார்டுக்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் விமான எதிர்ப்புப் பீரங்கிகளிலும் ராக்கெட் தளங்களிலும் வேலை பார்த்தார்கள், அவர்கள் இதைத் தைத்துக்கொண்டார்கள். தேம்ஸ் ஆற்றில் படகில் ரோந்து போன பிரிவுக்குத் தனிப் பெயர் எழுத்துகள் உண்டு, அது கிடைத்தால் அதிர்ஷ்டம். துணியில் இல்லாத ஒரு அடையாளமும் உண்டு: அமெரிக்காவிலிருந்து வந்த துப்பாக்கிகளுக்குத் தோட்டா அளவு வேறு, பிரிட்டிஷ் தோட்டாவைத் தவறிப் போட்டுவிடக் கூடாது என்று கட்டையில் சிவப்புப் பட்டை ஒன்று வர்ணம் அடித்தார்கள். அருங்காட்சியகத்தில் அந்தச் சிவப்பு வளையத்தோடு துப்பாக்கியைப் பார்த்தால் அது ஹோம் கார்டு கையில் இருந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

பெண்களின் பேட்ஜ் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். 1940-ல் பெண்களும் சேர வந்தார்கள், அனுமதி இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் எடித் சம்மர்ஸ்கில் இதை விடவில்லை, பெண்களுக்கெனத் தனியாக ஒரு தற்காப்பு அமைப்பைத் தொடங்கித் துப்பாக்கிப் பயிற்சியும் கொடுக்க வைத்தார். அரசு இறங்கிவந்தது 1943 ஏப்ரலில், அதுவும் துணைப் பணியாளர்களாக மட்டும்: சமையல், தொலைபேசி, எழுத்து வேலை, வண்டி ஓட்டுவது. சீருடை கிடையாது, ஆயுதம் கிடையாது. கொடுத்தது பொன்னிறப் பிளாஸ்டிக்கில் ஒரு வட்ட புரூச், நடுவில் எச்.ஜி. என்ற எழுத்து. கைப்பட்டை எதற்கு என்று மேலே சொன்னதை இப்போது இதோடு சேர்த்துப் பாருங்கள். ஜாக்கெட்டில் குத்தும் ஒரு ரூபாய் நாணயம் அளவு புரூச் தூரத்திலிருந்து யாருக்குத் தெரியும்? தொலைபேசி அறையில் குண்டு விழும் வரை உட்காரச் சொன்னவர்களுக்குத் தூரத்திலிருந்து தெரியும் சின்னம் ஒன்றைக் கொடுக்க மனம் வரவில்லை. அந்தப் புரூச் இன்றைக்கு மலிவாகக் கிடைக்கும். ஒன்று கிடைத்தால் வாங்கி, அந்தக் கைப்பட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இதற்கு நேர் எதிர்ப் பக்கம் ‘ஆக்ஸிலியரி யூனிட்ஸ்’ என்ற ரகசியப் பிரிவு. எதிரி இறங்கிவிட்டால் நிலத்தடிப் பதுங்குகுழியில் ஒளிந்து, பின்பக்கமிருந்து பாலத்தையும் எண்ணெய்க் கிடங்கையும் தகர்ப்பதற்காக வைத்த ஆட்கள், பெரும்பாலும் விவசாயிகள், வேட்டைக் காவலர்கள். வெளியே தெரிந்தவரை அவர்கள் சாதாரண ஹோம் கார்டு, அதே சீருடை, ஆனால் பட்டாலியன் எண் 201, 202, 203. இங்கிலாந்தின் தென்பகுதிக்கு 203. மனைவிக்குக்கூடச் சொல்லக்கூடாது என்று கட்டளை. கலைக்கப்பட்டபோது அந்த மூன்று எண்களும் உள்ள சின்ன சிவப்பு-நீலக் கேடய பேட்ஜ் ஒன்றைக் கோட்டில் குத்திக்கொள்ளக் கொடுத்தார்கள், என்னவென்று தெரியாதவர்களுக்கு அது வெறும் மூன்று எண். உங்கள் சதுரத்தில் உள்ள எண் 203 ஆக இருந்தால் உடனே சொல்லுங்கள், ஆனால் மிகவும் கவனமாக, ஏனென்றால் போலிகள் அதிகம் வருவது இந்த எண்களில்தான்.

இனி அசலா போலியா. தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் ஹோம் கார்டு பிரபலமானதால் நடிப்பதற்கும் வேடமிட்டுப் பழைய போர்களை நடத்திக் காட்டுபவர்களுக்கும் என்று நிறையப் புதிதாகச் செய்தார்கள். செய்தவர்கள் ஏமாற்றவில்லை, பத்துக் கை மாறிய பிறகு விற்பவர் ஏமாற்றுகிறார், அல்லது அவரே ஏமாந்திருக்கிறார். முதலில் திருப்பிப் பாருங்கள். அச்சுத் தோள் பெயரின் பின்புறம் காக்கி நூல் தெரிய வேண்டும், தையல் பிரித்த ஓட்டைகள் இருந்தால் நல்லது, மடித்த ஓரத்துக்குள் துணியின் பழைய நிறம் கெட்டியாகவும் வெளியே வெளுத்தும் இருக்கும். புற ஊதா விளக்கு வைத்துப் பார்க்கலாம், இப்போதைய நூலிலும் துணியிலும் உள்ள வெண்மையூட்டி நீலமாக ஒளிரும், 1940-களின் துணி மந்தமாக இருக்கும். ஆனால் இதை மட்டும் நம்பாதீர்கள். நான் ஒருமுறை பளீரென்று ஒளிர்ந்த ஒரு கைப்பட்டையைப் போலி என்று ஒதுக்கிவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அது அசல், வீட்டில் யாரோ நல்லெண்ணத்தில் இந்தக் காலத்து சோப்புத்தூள் போட்டுத் துவைத்திருக்கிறார்கள், ஒளிர்ந்தது சோப்புத்தூள். அதற்குள் கைமாறிவிட்டது. அரசு கொடுத்த பல பொருள்களில் பின்பக்கம் அகன்ற அம்பு முத்திரை இருக்கும், தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் சிலவற்றில் இருக்கும். முத்திரை இல்லை என்பதால் மட்டும் போலி ஆகிவிடாது, வீட்டில் தைத்ததற்கு யார் முத்திரை குத்துவார்கள்.

நீங்கள் சொன்ன விவரத்தில் எனக்கு நம்பிக்கை தருவது பொருள்கள் ஒன்றோடொன்று பொருந்துவதுதான். கென்ட்டில் கிடைத்தது, கென்ட் எழுத்து, கென்ட் குதிரை, இரண்டு கைக்கும் தோள் பெயர், ஆனால் டைமன் ஒன்றே ஒன்று (அது வலது கைக்கு மட்டும்தான், சேர்த்து வைத்து விற்பவர்கள் இதில்தான் தவறுவார்கள்). யாரோ ஒருவர் தன் சட்டையிலிருந்து பிரித்து எடுத்து டப்பாவில் போட்டு வைத்தது போலத்தான் தெரிகிறது.

அடுத்து, டப்பாவின் அடியில் காகிதம் ஏதாவது மடிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். 1944 டிசம்பர் 3 அன்று ஹோம் கார்டு பணி நிறுத்தப்பட்டது, லண்டன் ஹைட் பார்க்கில் மன்னர் முன்னிலையில் கடைசி அணிவகுப்பு நடந்தது. முறையாகக் கலைத்தது 1945 டிசம்பர் 31. உறுப்பினர்களுக்கு மன்னரின் கையொப்பம் அச்சிட்ட சான்றிதழ் ஒன்று உண்டு, நாடு பேராபத்தில் இருந்த வருஷங்களில் தன் நேரத்தையும் வலிமையையும் கொடுத்தார், தேவைப்பட்டால் உயிரையும் கொடுக்கத் தயாராக இருந்தார் என்ற பொருளில் எழுதியிருக்கும், அதில் அவர் பெயரும் இருக்கும். அது இருந்தால் உங்கள் முதல் கேள்விக்கு நேரடிப் பதில் கிடைத்துவிடும். மூன்று வருஷம் பணி செய்தவர்களுக்குப் பாதுகாப்புப் பதக்கமும் உண்டு, ரிப்பன் நடுவில் நெருப்பு நிறம், இரு பக்கமும் பச்சை, பச்சைக்குள் மெல்லிய கறுப்புக் கோடு: எரிந்த நகரங்கள், பசுமையான நிலம், விளக்கணைத்த இரவுகள். ஹோம் கார்டுக்காரர்கள் அதை விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும், பலர் விண்ணப்பிக்கவே இல்லை. அதனால் பதக்கம் இல்லாததை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள்.

மட்டமான துணி என்று கேட்டீர்கள். அந்தத் துணியைப் போட்டுக்கொண்டு பணியில் இறந்தவர்கள் 1,206 பேர். பர்மிங்ஹாமில் 1940 அக்டோபரில் குண்டு விழுந்த வீட்டின் விஷவாயு நிறைந்த நிலவறைக்குள் இறங்கி ஆட்களைத் தூக்கி வந்த ஜார்ஜ் இன்வுட், மறுபடி இறங்கியபோது இறந்துபோனார். வில்ட்ஷயரில் 1942 செப்டம்பரில் பயிற்சியின்போது தவறி விழுந்த கையெறி குண்டின்மேல் தன் உடம்பைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றிய லெப்டினன்ட் வில்லியம் ஃபாஸ்டருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது, முந்தைய போரின் வீரப் பதக்கங்கள் ஏற்கெனவே அவரிடம் இருந்தன. இருவருக்கும் ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய பிரிட்டிஷ் வீர விருது, மறைவுக்குப் பின்.

கடைசியாக, எதையும் துவைக்க வேண்டாம், இஸ்திரி போட வேண்டாம். அமிலம் இல்லாத காகிதத்தில் தட்டையாக வைத்து, டப்பாவுக்கு வெளியே, வெயில் படாத இடத்தில் வையுங்கள், துருப்பிடித்த தகரம் துணியை அரித்துவிடும். குதிரைச் சின்னத்தைப் பாலிஷ் போட்டு மின்னவைக்காதீர்கள், அவர் தேய்த்த தேய்மானம் அதில் இருக்கிறது. அந்தச் சதுரத்தில் உள்ள எண்ணை மட்டும் எனக்கு எழுதுங்கள். கென்ட் பட்டாலியன்கள் எந்தெந்த ஊரை மையமாக வைத்து இருந்தன என்ற பட்டியலும் 1941-ல் அச்சான ஹோம் கார்டு அதிகாரிகள் பட்டியலும் என்னிடம் இருக்கின்றன, எந்த ஊர், யார் தலைமை என்பதை அன்றைக்கே பார்த்துச் சொல்கிறேன்.